கையடக்கக் கணினி வந்த பிறகு: ஆசிரியர்களுக்கான தொழில்நுட்பப் பயிற்சி எப்படி அமைய வேண்டும்?

தமிழ்நாட்டின் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 6,029 ஹைடெக் லேப்கள் அமைக்கப்பட்டன. அதன் பிறகு தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன் வகுப்பறைகளும், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கையடக்கக் கணினிகளும் அறிவிக்கப்பட்டு வழங்கப்பட்டன. இத்தகைய அறிவிப்புகள் வரும்போதெல்லாம் "ஆசிரியர்களுக்கு உரிய பயிற்சி அளிக்கப்படும்" என்ற வரியும் உடன் வருகிறது. ஓயாத பயிற்சிகளால் பாடம் நடத்த நேரமில்லை என்று ஆசிரியர்கள் குறைப்படுகிறார்கள். இவ்வளவு பயிற்சிக்குப் பிறகும் வகுப்பறையில் திரை பயன்படுவதாகத் தெரியவில்லை என்று பெற்றோர் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அது எப்படி என்பதைப் புரிந்துகொள்ள, பயிற்சி என்ற ஒரே பெயரில் என்னென்ன நடக்கிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரே பெயரில் மூன்று பயிற்சிகள்

1. கருவியை இயக்கும் பயிற்சி. திரையை இணையத்துடன் இணைப்பது, கடவுச்சொல் அமைப்பது, காணொலியைத் தரவிறக்குவது, ப்ரொஜெக்டரைக் கணினியுடன் பொருத்துவது போன்றவை இதில் அடங்கும். இது தேவையானதுதான். ஆனால் திறன்பேசியைப் பல ஆண்டுகளாகக் கையாண்டுவரும் ஒருவருக்கு இதைக் கற்க அதிக நேரம் ஆகாது.

2. நிர்வாகப் பதிவுக்கான பயிற்சி. மாணவர் வருகை, நலத்திட்டப் பொருள்கள், தேர்வு மதிப்பெண்கள் எனப் பள்ளியின் தரவுகள் அனைத்தும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில், அதாவது ஆசிரியர்கள் 'எமிஸ்' என்று அழைக்கும் தளத்தில், பதிவேற்றப்படுகின்றன. தொடக்க வகுப்புக் குழந்தைகளின் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்தின் வளரறி மதிப்பீடுகளும் செயலி வழியாகவே பதிவாகின்றன. புதிய பதிவு முறை வரும்போதெல்லாம் அதற்கென விளக்கக் கூட்டம் ஒன்றும் நடத்தப்படுகிறது.

3. கற்பித்தலுக்கான பயிற்சி. குறிப்பிட்ட ஒரு பாடத்தின் குறிப்பிட்ட ஒரு கருத்தில் மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள், அந்தத் தடுமாற்றத்தை நீக்க எந்தக் கருவி உதவும், எந்த இடத்தில் கரும்பலகையே போதும் என்று தீர்மானிக்கும் திறனை இது வளர்க்க வேண்டும்.

வகுப்பறையில் மாற்றத்தைக் கொண்டுவரக்கூடியது மூன்றாவது வகை மட்டுமே. நேரமும் பணமும் பெருமளவு செலவாவது முதல் இரண்டு வகைகளில். இதன் விளைவு நேரம் வீணாவதோடு முடிவதில்லை. பள்ளியில் ஓர் ஆசிரியர் தொழில்நுட்பத்தைச் சந்திக்கும் முதல் அனுபவம் மாலைக்குள் பதிவேற்றியாக வேண்டிய ஒரு படிவமாக இருந்தால், அடுத்து வரும் கருவியையும் அவர் கூடுதல் வேலையாகவே பார்ப்பார். அதை ஆசிரியரின் மனத்தடை என்று சொல்வது நியாயமல்ல. அவருடைய அனுபவம் அவருக்குக் கற்றுக்கொடுத்ததே அது.

மூன்று அறிவுகள் சேரும் இடம்

பாட அறிவும் கற்பித்தல் முறையும் தனித்தனியாக இருந்தால் போதாது, இந்தக் கருத்தை இந்த வயதுக் குழந்தைக்கு எப்படிப் புரியவைப்பது என்ற கலப்பு அறிவுதான் ஆசிரியரின் தனிச்சொத்து என்று அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986-இல் எழுதினார். புனியா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-இல் இதனுடன் தொழில்நுட்ப அறிவையும் சேர்த்து விரிவாக்கினார்கள். கருவி, பாடம், கற்பித்தல் முறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று மாற்றக்கூடியவை, ஆகவே அவற்றைத் தனித்தனிப் பயிற்சிகளாகக் கொடுத்துவிட்டு ஆசிரியரே இணைத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பது அவர்களுடைய வாதம்.

இதை ஒரு பாடத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு வில் வட்ட மையத்தில் தாங்கும் கோணம், அதே வில் வட்டத்தின் மீதமுள்ள பரிதியில் தாங்கும் கோணத்தைப் போல இரு மடங்கு என்பது ஒன்பதாம் வகுப்பு வடிவியலில் வரும் தேற்றம். தமிழ்நாட்டுக் கணக்குப் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதி இருக்கிறது. அதன்வழி ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருளில் அமைந்த செயல்பாடுகளைத் திறக்கலாம். கருவியை இயக்கும் பயிற்சி மட்டும் பெற்ற ஆசிரியர் அத்தகைய படத்தைத் திரையில் திறந்து, பரிதியில் உள்ள புள்ளியை நகர்த்திக் காட்டி, "பாருங்கள், கோணம் மாறவில்லை" என்று சொல்லி முடித்துவிடுவார். மாணவர்கள் பார்ப்பார்கள், தலையசைப்பார்கள். தேர்வில் தேற்றத்தை மனப்பாடமாக எழுதுவார்கள்.

கற்பித்தலுக்கான பயிற்சி பெற்றவர் புள்ளியை நகர்த்துவதற்கு முன்பே நிறுத்துவார். "இந்தப் புள்ளியை வில்லின் முனைக்கு அருகில் கொண்டுபோனால் கோணம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? குறிப்பேட்டில் எழுதுங்கள்" என்பார். புள்ளி இடம் மாறினால் கோணமும் மாறித்தான் ஆக வேண்டும் என்று பல மாணவர்கள் இயல்பாகவே எதிர்பார்ப்பார்கள். தாங்கள் எழுதிய ஊகத்தைத் திரை பொய்யாக்கும்போதுதான் "ஏன்?" என்ற கேள்வி அவர்களிடமே பிறக்கிறது. மையக்கோணம் 80° என்றால் பரிதியில் 40° தெரியும். அதே புள்ளியை இன்னும் நகர்த்தி மறுபக்கமுள்ள சிறிய வில்லுக்குள் கொண்டுபோனால் அளவு சட்டென்று 140° ஆகிவிடும். 80°-இன் பின்வளைகோணமான 280°-இல் பாதி அது என்பதை அறிந்த ஆசிரியருக்கு இது தேற்றத்தின் அடுத்த படியைத் திறந்துவைக்கும் வாய்ப்பு. அதை அறியாதவருக்கோ மென்பொருள் பழுதாகிவிட்டது என்றே தோன்றும். அடுத்த வகுப்பில் அவர் திரையைத் திறக்கத் தயங்குவார். கோணம் மாறவில்லை என்பதைத் திரை காட்டும். ஏன் மாறவில்லை என்பதைக் காட்டாது. ஆரங்கள் சமம் என்பதால் உருவாகும் இருசமபக்க முக்கோணங்களைக் கொண்டு நிரூபிக்க மறுபடியும் கரும்பலகைக்குத்தான் வர வேண்டும். எப்போது திரைக்குப் போவது, எப்போது பலகைக்குத் திரும்புவது என்ற தீர்மானத்தை எந்த இயக்கக் கையேடும் கற்றுத்தராது.

கருவி மட்டும் போய்ச் சேர்ந்தால்

பயிற்சி என்பது கருவியோடு வரும் இணைப்பு மட்டுமே என்று நினைப்பவர்கள் பெரு நாட்டின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தின் கீழ் அந்நாடு லட்சக்கணக்கான மடிக்கணினிகளை வழங்கியது. கிராமப்புறங்களில் 319 பள்ளிகளைக் கொண்டு, சுமார் 15 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு செய்யப்பட்ட மதிப்பீடு 2012-இல் வெளியானது. கணினிகளின் பயன்பாடு பெருமளவு கூடியிருந்தும், கணிதத்திலும் மொழியிலும் மாணவர்களின் தேர்ச்சியில் முன்னேற்றம் தென்படவில்லை. பள்ளிகளில் கணினிக்காகப் பெருந்தொகை செலவிட்ட நாடுகளில் வாசிப்பு, கணிதம், அறிவியல் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பும் 2015-இல் அறிவித்தது. கருவிகளே பயனற்றவை என்று இவற்றிலிருந்து முடிவு கட்டுவது தவறு. பழைய பாடத்தைப் பழைய முறையிலேயே புதிய திரையில் நடத்தினால் பழைய பலன்தான் கிடைக்கும் என்பதுதான் இவை சொல்லும் செய்தி.

பயிற்சி போதாமை நம் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. அதே அமைப்பு ஆசிரியர்களிடையே 2018-இல் நடத்திய ஆய்வின்படி, உறுப்பு நாடுகளில் சராசரியாக 56 விழுக்காட்டு ஆசிரியர்களுக்கே தங்கள் ஆசிரியர் கல்வியின்போது தொழில்நுட்பம் கற்பிக்கப்பட்டிருந்தது; அதற்குத் தாங்கள் நன்றாகத் தயாராக இருந்ததாக உணர்ந்தவர்கள் 43 விழுக்காட்டினர். வளம் மிகுந்த நாடுகளின் நிலையே இது.

இங்கே பயிற்சி எந்த வழியில் வருகிறது

தமிழ்நாட்டில் பணியிடைப் பயிற்சியின் பெரும்பகுதி படிநிலை முறையில் நடக்கிறது. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் பயிற்சிக் கட்டகத்தைத் தயாரிக்கும். மாநிலக் கருத்தாளர்கள் பயிற்சி பெறுவார்கள். அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கும், அவர்கள் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். கடைசியில் வட்டார வள மையத்திலோ குறுவள மையத்திலோ வகுப்பாசிரியர்கள் அமர்வார்கள். லட்சக்கணக்கானோரைக் குறுகிய காலத்தில் எட்ட வேறு எளிய வழி இல்லை என்பதால்தான் உலகெங்கும் இம்முறை பின்பற்றப்படுகிறது. ஆனால் மேட்டூரில் திறந்த நீர் கடைமடைக்கு வரும்போது எப்படிக் குறைந்துபோகிறதோ அப்படித்தான் இதிலும் நடக்கிறது. எளிதில் சொல்லக்கூடிய தகவல்கள் கடைசிப் படிவரை வந்துவிடுகின்றன. செய்துபார்த்து, தவறி, திருத்திக்கொண்டு கற்க வேண்டியவை ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடுகின்றன. செய்முறைக்கென ஒதுக்கிய நேரம் படவில்லைக் காட்சியாகச் சுருங்குகிறது.

இணைய வழியில் நேரடியாக ஆசிரியரைச் சென்றடைந்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம் என்ற எண்ணத்தில் வளர்ந்தது இரண்டாவது வழி. மத்திய அரசின் நிஷ்டா பயிற்சித் திட்டம் 2019 ஆகஸ்டில், தொடக்கக் கல்வி நிலையில் சுமார் 42 லட்சம் ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் இலக்காகக் கொண்டு தொடங்கியது. பெருந்தொற்றால் நேரடிப் பயிற்சி இயலாமல் போனபோது, 2020 அக்டோபரில் 18 பாடப்பிரிவுகளுடன் திக்ஷா என்ற அரசு இணையக் கற்றல் தளத்துக்கு மாறியது. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில்சார் மேம்பாட்டுப் பயிற்சியில் பங்கேற்க வேண்டும் என்கிறது; அந்த மணிக்கணக்கில் பெரும்பகுதியை நிரப்ப எளிய வழி இணையப் பாடம்தான்.

இதிலும் இழப்பு உண்டு. அது வேறு இடத்தில் நிகழ்கிறது. காணொலியைப் பார்த்து, பலவுள் தெரிக வினாக்களுக்கு விடை குறித்து, சான்றிதழைத் தரவிறக்குவதோடு பாடம் முடிகிறது. ஆசிரியர் தன் வகுப்பில் அதை முயன்றாரா, முயன்றபோது என்ன ஆனது என்று கேட்க அங்கே எவரும் இல்லை.

இரு வழிகளுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. பயிற்சிக் கூடத்தில் கற்பனை செய்யப்படும் வகுப்பறை, பல பள்ளிகளில் இல்லவே இல்லை. ஈராசிரியர் தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் விடுப்பில் இருந்தால் ஐந்தும் ஒருவர் பொறுப்பு. எண்ணும் எழுத்தும் திட்டப்படி குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பிரிந்தும் அமர்ந்திருப்பார்கள். முழு வகுப்பும் ஒரே திரையைப் பார்த்து அமரும் மாதிரிப் பாடத்தைப் பயிற்சியில் காட்டினால் அந்த ஆசிரியருக்கு அது எவ்வகையிலும் உதவாது. மொட்டு நிலைக் குழந்தைகள் கையடக்கக் கணினியில் ஒலியைக் கேட்டுச் சொல்லைக் கண்டுபிடிக்கும் பத்து நிமிடங்களில், அரும்பு நிலைக் குழந்தைகளின் அருகில் தான் எப்படி உட்காரலாம் என்பதே அவருக்குத் தேவையான பாடம். பலநிலை வகுப்பில்தான் தொழில்நுட்பம் மிக அதிகமாக உதவ முடியும் என்பது என் கருத்து. பயிற்சியில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அத்தகைய வகுப்புதான் என்பது வருந்தத்தக்கது.

கேரளம் எடுத்துக்கொண்ட பாதை

அண்டை மாநிலமான கேரளம் 2001-இல் 'ஐடி அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கி, 2017-இல் அதைக் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாற்றியது. 2018-இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டத்தின்கீழ் எட்டு முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளில் 45,000 வகுப்பறைகளுக்குக் கருவிகள் வழங்கப்பட்டன. எண்ணிக்கையைவிட, கருவிகள் வருவதற்கு முன்பே அங்கே இருந்த ஏற்பாடுகள்தான் கவனிக்கத்தக்கவை.

பயிற்றுநர்கள் வெளி நிறுவனங்களின் ஊழியர்களாக இல்லாமல் ஆசிரியர்களிடமிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பள்ளிதோறும் ஓர் ஆசிரியர் தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளராக இருந்தார்; ஆகவே காலையில் எழும் சிக்கலுக்கு மாலையில் வரும் வெளியாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்தியதால் உரிமக் கட்டணம் மிச்சமானது. அதைவிட முக்கியமாக, பாடத்துக்கேற்ப மென்பொருளைத் தொகுத்து எல்லாப் பள்ளிகளிலும் ஒரே சூழலை அமைக்க முடிந்தது. பயிற்சியில் பார்த்த திரையே தன் பள்ளியிலும் இருக்கும் என்ற உறுதி ஆசிரியருக்குப் பெரிய துணை. 2018-இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள் ஆய்வகப் பராமரிப்பிலும் உதவின. இவை எதுவும் ஓராண்டில் நடந்தவை அல்ல. ஆட்சிகள் மாறியும் திட்டம் அறுபடாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது என்பதுதான் இதில் பின்பற்றுவதற்கு மிகக் கடினமான பகுதி.

நல்ல பயிற்சியின் உறுப்புகள்

ஆசிரியர் பயிற்சியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் பயிற்சியை ஐந்து கூறுகளாகப் பிரித்தார்கள்: கோட்பாட்டு விளக்கம், செய்துகாட்டல், பயிற்சிக் கூடத்திலேயே செய்துபார்த்தல், அதற்கான பின்னூட்டம், சொந்த வகுப்பறையில் தொடர்துணை. முதல் நான்கும் இருந்தாலும் ஐந்தாவது இல்லையென்றால், கற்றதை வகுப்பறைக்குக் கொண்டுசெல்பவர்கள் மிகச் சிலரே என்பது அவர்கள் கண்டது. இதை நம் அமைப்புக்குப் பொருத்தினால் சில மாற்றங்கள் உடனடியாகத் தேவைப்படும்.

1. பயிற்சி பாடவாரியாக இருக்க வேண்டும். அனைத்துப் பாட ஆசிரியர்களையும் ஒரே அறையில் அமர்த்தி 'திறன் பலகையின் பயன்கள்' என்று பேசுவதைவிட, அறிவியல் ஆசிரியர்கள் மட்டும் கூடி, மின்சுற்றுப் பாடத்துக்கு ஃபெட் தளத்தில் உள்ளவை போன்ற இலவசக் கணினிப் பாவனைகளை எங்கே நுழைப்பது, உண்மையான மின்கலத்தையும் விளக்கையும் எப்போது கையில் கொடுப்பது என்று முடிவுசெய்வது மேல்.

2. ஆசிரியர் பயிற்றுநரின் பள்ளிப் பார்வையில் ஒரு பகுதி தொடர்துணைக்கு ஒதுக்கப்பட வேண்டும். இதற்காகப் புதிய பதவி உருவாக்கத் தேவையில்லை; வட்டார வள மைய அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பயிற்றுநர்களின் நாள்களைப் புள்ளிவிவரச் சேகரிப்பும் கூட்டங்களும் எடுத்துக்கொண்டால் இது நடக்காது.

3. ஒரே நீண்ட பயிற்சியைவிட, இடைவெளி விட்ட குறும்பயிற்சிகள் நல்லவை. முதல் அமர்வில் கற்றதை இரண்டு வாரம் வகுப்பில் முயன்று, அதில் எழுந்த சிக்கல்களோடு குறுவள மையத்தில் மறுபடியும் கூட வேண்டும்.

4. நிர்வாகச் செயலிகளுக்கான விளக்கக் கூட்டங்களைத் தொழில்சார் மேம்பாட்டு மணிக்கணக்கில் சேர்க்கக் கூடாது.

5. இணையம் இல்லாத நாளுக்கான மாற்றுத் திட்டமும் பயிற்சியில் இடம்பெற வேண்டும். முன்கூட்டியே தரவிறக்கி வைப்பது ஒரு திறன். வகுப்பின் நடுவில் இணைப்பு அறுந்தால் அதே பாடத்தை எப்படித் தொடர்வது என்பது வேறொரு திறன்.

பணிமுன் பயிற்சியிலும் இதே பிளவு இருக்கிறது. இரண்டாண்டு பி.எட். படிப்பில் தகவல் தொழில்நுட்பம் ஒரு கூறாக இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அதைக் கற்பிப்பவர் ஒருவர், கணிதம் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தருபவர் வேறொருவர் என்றிருந்தால், இணைக்கும் சுமை மீண்டும் மாணவ ஆசிரியரின் தலையில்தான் விழுகிறது.

செயற்கை நுண்ணறிவு வந்ததும் கூடிய சுமை

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு, ஆசிரியருக்கான பயிற்சியில் புதியதொரு தேவை சேர்ந்திருக்கிறது. கேரளத்தின் கைட் நிறுவனம் 2024 மே மாதத்தில் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளின் ஆசிரியர்கள் 80,000 பேருக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியைத் தொடங்கியது. தமிழ்நாடு ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்கு 'டிஎன் ஸ்பார்க்' என்ற பெயரில் இத்துறையை அறிமுகப்படுத்துகிறது.

பழைய கருவிகளுக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு. பாடநூலின் க்யூஆர் குறியீட்டைத் திறந்தால் வருவது, பாட வல்லுநர்கள் பார்த்து ஒப்புதல் அளித்த காணொலி. செயற்கை நுண்ணறிவு தரும் விடையை எவரும் முன்பே சரிபார்த்திருக்க மாட்டார்கள். அது தவறாக இருந்தாலும் சரளமான நடையில், தயக்கமின்றி வரும். தமிழில் கேட்கும்போது இலக்கண விளக்கத்திலும் செய்யுள் மேற்கோளிலும் இல்லாத பாடலைப் படைத்துத் தரும் அபாயம் உண்டு. ஆகவே இங்கே தேவைப்படுவது கேள்வி கேட்கும் நுட்பத்தைவிட, வந்த விடையைப் பாடநூலோடும் மூலத்தோடும் ஒப்பிட்டுத் தள்ளும் பழக்கம். பாட அறிவு ஆழமாக உள்ள ஆசிரியரால்தான் அது முடியும். கருவி வலிமையாக வலிமையாகப் பாட அறிவின் தேவையும் கூடுகிறது என்பதைப் பயிற்சித் திட்டம் வகுப்போர் மறந்துவிடக் கூடாது.

தரவுப் பாதுகாப்பும் இதனுடன் சேர்ந்தது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்று வரையறுத்து, அவர்களின் தரவைக் கையாள்வதற்குப் பெற்றோரின் ஒப்புதலை முக்கியமாக்குகிறது. மாணவரின் பெயர், மதிப்பெண், குடும்ப நிலை ஆகியவற்றோடு ஒரு முன்னேற்ற அறிக்கையை எழுதித்தருமாறு வெளிநிறுவனத்தின் தளத்தில் கேட்கும் ஆசிரியர், தான் எதைக் கைமாற்றுகிறார் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

எதை எண்ணுகிறோம்

யுனெஸ்கோ 2018-இல் திருத்தி வெளியிட்ட ஆசிரியர்களுக்கான தொழில்நுட்பத் திறன் சட்டகம் 18 திறன்களை மூன்று நிலைகளில் வகுத்திருக்கிறது: அறிவைப் பெறுதல், ஆழப்படுத்துதல், படைத்தல். நம் பயிற்சி அறிக்கைகள் பெரும்பாலும் எண்ணுவது பங்கேற்றோர் தொகையையும் சான்றிதழ் தொகையையும். அவை முதல் நிலையின் வாசலையே தொடுகின்றன. மூன்றாம் நிலை ஆசிரியர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. தாமே காணொலி தயாரிப்பவர்கள், ஜியோஜீப்ராவில் தமிழில் பயிற்சித்தாள் உருவாக்குபவர்கள், சக ஆசிரியர் குழுக்களில் அவற்றைக் கட்டணமின்றிப் பகிர்பவர்கள் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். அவர்களை ஓரிரு நாள் கருத்தாளராக அழைத்துவிட்டு அனுப்பிவிடாமல், அவர்களுடைய பள்ளிகளையே பிற ஆசிரியர்கள் வந்து பார்த்துக் கற்கும் இடங்களாக்கலாம்.

வகுப்பறையைப் பார்வையிடும் பயிற்றுநரின் படிவத்தில் மூன்று கேள்விகள் இருந்தால் போதும். திரை எரிவதற்கு முன் மாணவர்களிடம் என்ன கேள்வி கேட்கப்பட்டது? திரை ஓடியபோது மாணவர்கள் என்ன செய்தார்கள்? அணைத்த பிறகு அவர்கள் எதை எழுதினார்கள், பேசினார்கள், செய்தார்கள்? இந்தக் குறிப்பு அன்று மாலையே அந்த ஆசிரியருடன் பேசுவதற்குப் பயன்பட வேண்டும். விளக்கம் கேட்கும் கடிதத்துக்கோ தரவரிசைப் பட்டியலுக்கோ போகக் கூடாது. அப்படிப் போகும் என்று தெரிந்துவிட்டால், பார்வையாளர் வரும் நாளில் மட்டும் எல்லாத் திரைகளும் எரியும். எந்தப் பாடத்தில் தனக்கு உதவி தேவை என்பதை எந்த ஆசிரியரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்.